கேட்டுக்கொண்டிருந்தவள்

கொட்டாரத்தில் மோட்டார் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறிய வில்வண்டி வட்டக்கோட்டைப் பக்கம் போகும் மணல் பாதையில் திரும்பியபோது செசிலியை முதலில் எதிர்கொண்டது காற்றுதான். கடல் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வைகாசி பிறந்திருந்த நேரம். பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓலைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வண்டிக்காரன் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் மாட்டை ஓட்டினான். அவள் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அவள் எழுதிய கதை. வண்டி குலுங்கும்போதெல்லாம் கை தானாகவே அந்தப் பையை அமுக்கிப் பிடித்தது.

செசிலி நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் ஜெயசிங் வீட்டில் இருந்தாள். அவள் கதை எழுதுகிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஒருதரம் சாப்பாட்டு நேரத்தில், எழுதியதைக் கொஞ்சம் வாசிக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். அண்ணன் மீன் முள்ளை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, "கறியில உப்பு கொறவு" என்றான். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவளை இந்தக் கடற்கரைக்கு வரவைத்தவள் கிரேசி. இருவரும் ஒன்றாக ஆசிரியப் பயிற்சி படித்தவர்கள். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரியவர்கள். மாசி மாதம் ஒரு நாள் கிரேசி வீட்டுக்கு வந்து, "உனக்க கதையத் தா. கொண்டு போறேன்" என்றாள். அடுத்த வாரமே திரும்பி வந்தாள். "வாசிச்சேன் மக்கா. அழுதுட்டேன். ஜெபதாஸ் போதகர்ட்ட காட்டினேன். உன்னக் கூப்பிடச் சொன்னாரு."

செசிலி அன்று ராத்திரி தூங்கவில்லை. அழுதுவிட்டாளாமே, அழுதுவிட்டாளாமே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

போதகர் ஜெபதாஸ் ஒரு சின்ன மாதப் பத்திரிகை நடத்திவந்தார். எழுத ஆசைப்படுகிறவர்களைக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் கடலோரத்துப் பழைய பங்களாவில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று போன வருடம் தொடங்கியிருந்தார். எழுத்தாளர் கோடைப் பள்ளி என்று அதற்குப் பேர். ஆண்களுக்கு ஓலைக் கொட்டகை, பெண்களுக்குப் பங்களா. முதல் வருடமே கிரேசி போய்வந்திருந்தாள்.

வண்டி நின்றபோது கிரேசி வாசலில் நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"வந்தியா?" என்றாள். அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கிரேசி வாய் ஓயாதவள். கோயில் பாட்டுக்குழுவில் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பாடுவார்கள். இந்த ஒரு வருடமாகத் தொண்டை சரியில்லை என்று பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. சொன்ன உடனே தோளுக்குப் பின்னால் லேசாகத் திரும்பிப் பார்ப்பாள். பிள்ளை பெற்ற உடம்பு, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்த கவலை வேறு, அந்தக் களைப்பு என்று செசிலி நினைத்துக்கொண்டாள்.

"மேற்கு ரூம் நமக்கு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரேசி முன்னால் நடந்தாள்.

நல்ல பெரிய அறை. கருங்கல் சுவர். இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு மேசை. கடல் மணல் அடிக்கும் என்று சன்னல்களின் மரக்கதவுகளை எந்நேரமும் சாத்தியே வைத்திருந்தார்கள். வெளியே கண்ணைக் குத்தும் வெயில். உள்ளே நுழைந்தால் பட்டப்பகலிலும் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. நனைந்த துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அந்த வாடை.

மற்றப் பெண்கள் எல்லோரும் கிழக்கு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய அறை நமக்குக் கிடைத்ததே என்று செசிலிக்குச் சந்தோஷம்தான்.

காலையில் வராந்தாவில் பாடம் நடக்கும். போதகர் நல்ல மனிதர். ஆனால் யார் எழுதியதையும் இரண்டு பக்கத்துக்கு மேல் வாசிக்கப் பொறுமையில்லாதவர். "எழுதினத நீங்களே சத்தமா வாசிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத குறை காதுக்குத் தெரியும்" என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடித்தால், அடுத்த மணி வரைக்கும் எல்லோரும் அவரவர் இடத்தில் ஓய்வாக இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம்.

முதல் நாள் ஓய்வு நேரத்தில் கிரேசி தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். "வாசி. நான் கேக்கேன்."

சன்னல் கதவில் ஒரு விரல் அகல விரிசல் இருந்தது. அதன் வழியே வந்த ஒரு கோட்டு வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு செசிலி வாசித்தாள். மயிலாடியில் ஒரு கல்தச்சனுடைய மகள். தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து தப்பி, நடந்தே தகப்பன் வீட்டுக்குத் திரும்புகிறாள். வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. அதுதான் கதை. முதல் வாக்கியம் முடிந்தது.

"ம்" என்று போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

செசிலிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் சொன்ன எதற்கும் யாரும் அப்படி ம் கொட்டியதில்லை. அவசரமில்லாத, மேலே சொல்லு என்கிற ம். அடுத்த வாக்கியத்தை வாசித்தாள். "ம்." அடுத்தது. "ம்." சோகமான இடத்தில் அது இழுத்து வந்தது, தகப்பன் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்கிற இடத்தில் தாழ்ந்து வந்தது. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே ஓடவேண்டும் என்று அந்த ம்மே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதன்பிறகு நாளெல்லாம் அவள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தாள். காலையில் திருத்தி எழுதுவாள், மத்தியானம் வாசிப்பாள். உடம்பில் ஒரு தெளிவு வந்துவிட்டது. சமையலுக்கு இருந்த செல்லத்தாய் கூட, "வந்ததுக்கு இப்பம் மொகம் நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். சொன்னவள், மேற்கு அறைக் கதவருகே வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு, கஞ்சிச் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். செசிலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதை முடிவுக்கு நெருங்கியிருந்தது. அன்று காற்று அடங்கி ஒரே புழுக்கம். செசிலி சன்னலோரம் நின்று வாசித்தாள்.

"ம்."

வெளியே வாளி ஒன்று கிணற்றுக் கல்லில் மோதும் சத்தம் கேட்டது. வாசித்துக்கொண்டே விரிசல் வழியாகப் பார்த்தாள். கிணற்றடியில், வெயிலில், கிரேசி நின்றுகொண்டிருந்தாள்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செசிலியின் வாயில் பாதி வாக்கியம் நின்றுவிட்டது.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் கட்டில் தெரிந்தது. போர்வை தெரிந்தது. போர்வைக்குள் ஆள் படுத்திருக்கிற மேடு இருந்தது.

அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த ஈரத்துணி வாடை மட்டும் கனத்தது.

"பொறவு?" என்று கேட்டது.

பெண்குரல். பொறுமையான குரல்.

கட்டிலின் கயிறு நறநறவென்று இறுகி, தளர்ந்தது. போர்வை மேடு தாழ்ந்தது. தரையில் ஏதோ ஈரமாக ஊன்றியது.

"பொறவு?"

இந்தமுறை பக்கத்தில்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வாசித்தாள். எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மனப்பாடமாக இருந்ததை வாய் சொல்லிக்கொண்டே போனது. சொல்கிற வரைக்கும் அது நின்ற இடத்தில் நின்றது. மூச்சு வாங்க நிறுத்தினால் அசைந்தது. கதவு அதற்கு அப்பால் இருந்தது. கல்தச்சன் மகள் விடிகிற நேரத்தில் வாசலை விட்டு எழுந்து, வந்த வழியே நடக்கத் தொடங்குகிற கடைசி வரியைச் சொல்லி முடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, காதோரம், கழுத்து மயிர் அசையும்படி:

"ம்ம்ம்."

வயிறு நிறைந்தவர்கள் இலையை மடிக்கும்போது விடுகிற பெருமூச்சு போல இருந்தது அது.

செசிலி கதவை இடித்துக்கொண்டு வெயிலுக்குள் ஓடினாள். கால் சுடுவது தெரியவில்லை. கிணற்றடிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கிரேசி பாடிக்கொண்டிருந்தாள்.

நனைந்த தலையோடு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, தொண்டை நரம்பு புடைக்க, பிள்ளையை உறங்கவைக்கிற ஒரு தாலாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வரி பாடி நிறுத்துவாள். காது கொடுத்துக் கேட்பாள். பின்னால் ஒரு சத்தமும் வராததைக் கேட்டு அழுவாள், சிரிப்பாள். மறுபடி பாடுவாள்.

செசிலியைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

சாயங்காலம் வட்டக்கோட்டை மதில்மேல் வைத்துத்தான் கிரேசி எல்லாவற்றையும் சொன்னாள். கடல் கீழே கருங்கல்லில் அறைந்துகொண்டிருந்தது. எதிரே மருந்துவாழ்மலை நீலமாக இருந்தது. கிரேசி நிறுத்தாமல் பேசினாள். ஒரு வருடம் பேசாததை எல்லாம் பேசினாள்.

"அது ஆருன்னு ஆருக்கும் தெரியாது. பங்களா கெட்டுகதுக்கு முன்னாலயே அந்த எடத்தில உண்டுன்னு சொல்லுகாவ. கழிஞ்ச வருசம் நெய்யூர் பக்கத்து ஒரு அக்கா எனக்கக் கூட இருந்தா. கூடப்பொறந்தவ மாதிரி பாத்தா என்னய. அவதான் சத்தமா வாசிக்கச் சொன்னா. கதை முடிஞ்ச அன்னைக்கே அவ வண்டி ஏறிட்டா. அது எனக்கக் கூட வந்துட்டு."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்கு. கோயிலுக்கு. ரெண்டு வார்த்தைக்கு மேல எதச் சொன்னாலும் பின்னால நின்னு கேக்கும். முட்டுபோட்டு ஜெபம் பண்ணுவேன். ஆண்டவரேன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள பின்னால 'ம்'. அதுக்கப்பொறம் எப்படி ஜெபம் பண்ண? பிள்ளைக்கு ஒரு பாட்டு பாட முடியல்ல மக்கா. பாடினா, பிள்ள என்னய பாக்காது. எனக்கத் தோளுக்கு மேல பாத்துச் சிரிக்கும்."

செசிலி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இன்னும் உடம்பில்தான் இருந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்காமல் இருந்துவிடவேண்டும் என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"எனக்க கதைய நீ வாசிச்சியா கிரேசி?"

கிரேசி மதில் கல்லை நகத்தால் சுரண்டினாள்.

"அழுதேன்னு சொன்னியே."

"பெட்டிமேல வச்சேன். அப்படியே திருப்பிக் கொண்டாந்தேன்."

"போதகரு?"

"ஒரு எடம் ஒழிவு இருக்குன்னாரு. ஆரையாவது கூட்டிட்டு வான்னாரு."

காற்று திரும்ப எழும்பியிருந்தது. செசிலி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அறைக்குள் அது கழுத்தில் மூச்சுவிட்டபோது கூட இப்படிக் குளிரவில்லை. ஒரு மாதமாக அவள் நிமிர்ந்து நடந்தது, முகம் தெளிந்தது, தனக்கும் ஒரு எழுத்து உண்டு என்று நம்பியது, எல்லாமே ஒருத்தி தான் தப்பிப்போக இவளைத் தன் இடத்தில் இழுத்து நிறுத்தியதால் வந்தவை. அவள் கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்ட ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் உலகத்தைச் சேர்ந்ததில்லை.

"நான் என்னட்டி செய்யணும் இனி?"

கிரேசி குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருசம் ஒருத்திய அந்த ரூமுக்குக் கூட்டிட்டு வா. முன்பின் தெரியாதவ ஆவாது. உன்ன நம்பி வாறவளா இருக்கணும்."

சொல்லும்போது அவள் செசிலியின் கையைப் பிடிக்க வந்தாள். செசிலி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லி கிரேசி மறுநாள் விடியவே போய்விட்டாள். வண்டி பனைகளுக்குள் மறைந்த பிறகும் அவள் பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் செசிலி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினாள். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான் என்றாள்.

"ம்."

முன்வரிசைப் பிள்ளைகள் அவளைப் பார்க்கவில்லை. கரும்பலகைக்கும் அவளுக்கும் நடுவில் பார்த்தார்கள்.

அதன்பிறகு அவள் கதை சொல்லவில்லை. கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுவாள். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லவைப்பாள். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். தலைமையாசிரியை ஏசிப் பார்த்து அலுத்துவிட்டார். வீட்டில் யாரும் ஒரு மாற்றத்தையும் கவனிக்கவில்லை. அவள் பேசாததை அங்கே யார் கண்டார்கள்? எழுதுவதையும் விட்டாள். எழுதும்போது உதடு தானாக அசையும். அசைந்தால் பின்னால் அது தயாராகிவிடும்.

அந்த வருடம் குளச்சல் பக்கத்திலிருந்து லீமா என்று ஒரு புது டீச்சர் வந்து சேர்ந்தாள். கடற்கரைக் குடும்பம். எல்லோரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்கிற சுபாவம். மற்றவர்கள் உம்மணாமூஞ்சி என்று ஒதுக்கிய செசிலியிடம் அவள் மட்டும், "அக்கா, அக்கா" என்று வந்து உட்காருவாள். பங்குனி மாதம் ஒரு நாள் சில தாள்களைக் கொடுத்தாள். "நான் எழுதினது அக்கா. நீங்க ஒருத்தர் வாசிச்சா போதும்."

செசிலி வாயை இறுக மூடிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு காலி வகுப்பில் இருந்து அதை வாசித்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பனுக்காகத் தினமும் ஒரு தட்டு சோறு எடுத்துவைக்கிற பிள்ளையின் கதை. வாசித்து முடித்து வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் போதகர் ஜெபதாஸின் பத்திரிகையில் கோடைப் பள்ளி பற்றிய அறிவிப்பு வந்தது. லீமா ஓடி வந்தாள். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்த சாயங்கால நேரம்.

"நீங்க போயிருக்கீங்களாமே அக்கா. என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? நீங்க கூட வந்தா வீட்டில விடுவாவ."

செசிலியின் தொண்டைவரை அந்த வார்த்தை வந்துவிட்டது. வா என்று ஒரு சொல் போதும். முதுகுக்குப் பின்னால் அது அசையாமல் காத்திருப்பது தெரிந்தது. ஒரு வருடம். தன் குரலைத் தானே கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. லீமாவின் முகத்தைப் பார்த்தாள். வில்வண்டியில் துணிப்பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த தன் முகம் அப்படித்தானே இருந்திருக்கும்?

"வேண்டாம்" என்றாள். "கதை நல்லா இல்ல."

"எது நல்லா இல்ல அக்கா?"

"எல்லாம்."

லீமா மேசையில் இருந்த தன் தாள்களின் ஓரத்தை நேராக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க வாசிக்கும்பம் நான் வெளிய நின்னேன். சன்னல் வழியா பாத்தேன். அழுதிய. நான் அத நெனச்சு நெனச்சுத்தான் ஒரு மாசமா நடக்கேன். எதுக்கு அக்கா பொய் சொல்லுகிய? உங்களத்தான நம்பினேன்."

செசிலியால் விளக்க முடியவில்லை. விளக்க நிறைய வார்த்தைகள் வேண்டும். லீமா மேசைமேல் இருந்த தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள்.

வகுப்பறையில் வெகுநேரம் சத்தமில்லை.

அந்த அமைதி வேறுமாதிரி இருந்தது. செசிலி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஈர வாடை இல்லை. மெல்ல, "மயிலாடியில ஒரு கல்தச்சன் இருந்தான்" என்றாள்.

ஒன்றும் வரவில்லை.

"அவனுக்கு ஒரு மகள் இருந்தாள்."

ஒன்றும் வரவில்லை.

முதலில் வந்தது நிம்மதிதான். அதற்காக அவள் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் முதலில் வந்தது அதுதான். அடுத்த மூச்சில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அந்த அறை தேவையாக இருக்கவில்லை. கதை கூடத் தேவையாக இருக்கவில்லை. நம்பி வந்த ஒருத்தியிடம் பொய் சொன்னதே அதற்குப் போதுமாக இருந்தது.

அவள் சன்னலுக்கு ஓடினாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் லீமா புளியமரத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தாள். தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனம் நொந்தவர்கள் தமக்குத் தாமே பேசிக்கொள்வது போல, நடந்தது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"லீமா!" என்று செசிலி கத்தினாள். ஒரு வருடமாகப் பூட்டிக்கிடந்த குரல் கிறீச்சிட்டு, சன்னல் கம்பியைத் தாண்டவில்லை.

லீமா நின்றாள். ஆனால் செசிலி பக்கம் திரும்பவில்லை. தன் தோளுக்குப் பின்னால், மரத்து நிழலில் யாரும் இல்லாத இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்ட ஆறுதல் அவள் முகத்தில் பரவியது.

பிறகு அவள், முதலிலிருந்து, விவரமாகச் சொல்லத் தொடங்கினாள்.